பேசாத இருவரின் கூட்டு மனு

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். சண்டை போட்டுக்கொண்டு போனால் கிடைக்காது. ஒற்றுமையாகப் போனால் கிடைக்கும். கிடைத்துவிட்டால் அப்புறம் ஒற்றுமை தேவையில்லை. அது என்ன?

நீங்கள் யோசிப்பதற்குள் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் ஆபீசில் மொழிபெயர்ப்பவருக்குக் காது இரண்டு, வாய் ஒன்று, சொந்தக் கருத்து மட்டும் கிடையாது. எண்பதுகளில் மலேசியாவின் கோல சிலாங்கூர் பட்டணத்தில், ஒரு கோப்பிக் கடையின் மாடியில் இருந்த வக்கீல் ஆபீசில் நான் இந்த வேலை பார்த்தேன். வக்கீல் மிஸ்டர் டானுக்கு ஆங்கிலம், மலாய், ஹொக்கியன் சீனம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. தமிழில் மட்டும் 'வாங்க', 'உக்காருங்க' என்ற இரண்டோடு சரி. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் சொல்வதை அவருக்கு ஆங்கிலத்திலும், அவர் சொல்வதை அவர்களுக்குத் தமிழிலும் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நீங்களும் எப்போதாவது இரண்டு பேருக்கு நடுவில் நின்று, 'அவர் இப்படிச் சொல்கிறார்', 'இவர் அப்படிச் சொல்கிறார்' என்று பேச்சைச் சுமந்திருந்தால் நீங்களும் என் கட்சிதான். இது உங்களுக்காக எழுதியது.

விடுகதைக்கு விடை, கூட்டு மனு போட்டு வாங்கும் விவாகரத்து. அப்போதுதான் புதிய திருமணச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய கல்யாணமும் முறையான கல்யாணமே என்றது அந்தச் சட்டம். ஆகவே, கோயில் தலைவர் முன்னால் 'தீர்ந்தது' என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போக இனி முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே இரண்டு வழி. ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லி வழக்காடுவது ஒன்று. இருவரும் சேர்ந்து ஒரே காகிதத்தில், 'நாங்கள் மனமொத்துப் பிரிகிறோம், பிள்ளைக்கு இன்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் கூட்டு மனு. சுலபமான வழி, சத்தமில்லாத வழி. எங்கள் ஆபீசுக்கு முதல் கூட்டு மனு வந்த நாளில் எனக்குக் கைகால் ஓடவில்லை! மிஸ்டர் டான் தட்டச்சு இயந்திரத்துக்குப் புது ரிப்பன் வாங்கிக் கொடுத்தார்.

சொந்தமாக ஓர் ஆள்

கம்போங் குவாந்தான் போகிற பாதையிலிருந்த எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்த முதல் மனுவுக்காக அவர்கள் வந்தார்கள். காளிமுத்து, மனைவி அஞ்சலை, மகள் உமா. பிரிய வந்தவர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, நடுவில் ஒன்பது வயது உமா பள்ளிச் சீருடையோடு இருந்தாள். மாடிக்கு வந்ததும் மூன்று நாற்காலியிலும் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மிஸ்டர் டான் முதல் கேள்வியைக் கேட்டார். "இருவரும் மனமொத்துத்தான் பிரிகிறீர்களா?" நான் தமிழில் சொன்னேன். அஞ்சலை மகள் பக்கம் திரும்பி, "சரின்னு சொல்லு" என்றாள். உமா என்னிடம், "அம்மா சரின்னு சொல்றாங்க" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "அம்மா சரின்னு சொல்லிட்டாங்கப்பா" என்றாள். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த காளிமுத்து, அதை அப்போதுதான் கேட்டவர்போல் தலையாட்டி, "எனக்கும் சரின்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். உமா அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் மிஸ்டர் டான் கையை உயர்த்தினார். மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "தமிழுக்குத்தான் உனக்குச் சம்பளம் கொடுக்கிறேனே, இவர்கள் ஏன் சொந்தமாக ஓர் ஆளை அழைத்து வந்திருக்கிறார்கள்?"

கற்பூரம்

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் அஞ்சலைக்கு ரவாங் பட்டணத்துக்குக் குடிபோக ஆசை. அவளுடைய அக்கா அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். கூரையுள்ள இடத்தில், காற்றாடிக்குக் கீழே, உட்கார்ந்தபடி வேலை! காளிமுத்துவுக்கோ செம்பனைக் காட்டை விட்டால் வேறு உலகம் இல்லை. பேச்சு வளர்ந்து, ஆடித் திருவிழாவில், அத்தனை சனத்துக்கு நடுவில், முனீஸ்வரர் சன்னதியிலேயே சண்டையாக முடிந்தது. 'இனி உன்னோடு பேசினால் கேள்' என்று இவர் கற்பூரத்தை அடித்து அணைத்தார். 'எனக்கும் இன்னொரு கட்டி கொளுத்துங்க' என்று அவளும் அடித்து அணைத்தாள். கோபத்தில் சொன்னதை மறந்துவிடலாம். கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை யார் மறப்பது? அது பிள்ளையைத் தாக்கும் என்று இருவருக்குமே பயம். அன்றிலிருந்து, சோறு ஆயிற்று என்பது முதல் மண்ணெண்ணெய் தீர்ந்தது என்பது வரை எல்லாச் சேதியும் உமா வழியாகத்தான்.

இதையெல்லாம் மனுவில் எழுத வேண்டியதில்லை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் வேலையில் இருக்கப்போகிற காளிமுத்துவுக்கு. பாத்திரம் பண்டமும் நகையும் அஞ்சலைக்கு. இவையெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டன. ஒரே ஒரு பத்தி காலியாக நின்றது: உமா யாரோடு இருப்பாள்? அஞ்சலை ரவாங்குக்குக் கூட்டிப்போவேன் என்றாள். காளிமுத்து தோட்டத்தில் வைத்துக்கொள்வேன் என்றார். அந்த இடம் நிரம்பாமல் மனு போகாது. இந்த ஒன்றுக்காக வழக்காடினால் பிள்ளையை நடுவில் வைத்து ஊரறியக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு அதுதான் கவலை.

"இவ்வளவு ஒத்துப்போகிறவர்கள் ஏன் பிரிய வேண்டும்?" என்று மிஸ்டர் டான் கேட்டார். காளிமுத்து தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். பிறகு சொன்னார்: "பேசாம இருக்கறது பழகிப்போச்சி லா. ஒரே வீட்டுல பேசாம இருக்கறதுதான் பழகவே மாட்டேங்குது."

சாட்சி லோரி

அடுத்த வாரம் இவர்கள் மூவருக்காகக் காத்திருந்தோம். தோட்டத்து லோரி வந்து நின்றது! பின்பக்கக் கதவைத் திறந்ததும் ஆண்களும் பெண்களுமாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லார் மேலும் தீபாவளிச் சட்டை, கல்யாணச் சேலை. கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். கோர்ட்டுக் காரியம் என்றால் சாட்சி வேண்டும் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆகவே காளிமுத்துவுக்கு ஒரு கூட்டமும் அஞ்சலைக்கு ஒரு கூட்டமும் தாமாகவே பிரிந்து புறப்பட்டு வந்திருந்தன. மண்டோர் முனுசாமிதான் தலைமை. தோட்டத்தில் வேலைக்கு ஆள் நிறுத்துகிறவரும் அவரே, கோயில் தலைவரும் அவரே. அன்று கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தவரும் அவரே.

மாடிப்படி தாங்காது என்று நான் கீழே ஓடி, கோப்பிக் கடையில் அவர்களை உட்காரவைத்தேன். கடைக்காரருக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை. "திருவிழா அன்னிக்கு அவன் என்ன சொன்னான்னு நான் வரி வரியா சொல்லுவேன்" என்று ஒருவர். "அவ சேலைய வரிஞ்சி கட்டிட்டு நின்ன நெலைய நான் நடிச்சே காட்டுவேன்" என்று ஓர் அம்மா. எழுந்து காட்டவும் செய்தார், கை தட்டலும் கிடைத்தது. கூட்டு மனுவில் சாட்சி கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது, யார் மேல் தப்பு என்று நீதிபதி கேட்கவே மாட்டார் என்பதை நான் நாற்காலி மேல் ஏறி நின்று மூன்று தடவை விளக்கினேன்.

கூட்டத்துக்கு ஏமாற்றம் என்றால் அப்படியொரு ஏமாற்றம். கடைசியில் நடித்துக்காட்டிய அம்மாவே எழுந்து கேட்டார்: "அப்ப சண்டையப் பத்தி யாருமே கேக்கப் போறதில்லியா? இதுக்கா தங்கச்சி லீவு போட்டுட்டு வந்தோம்?"

மரத்தோடு பேச்சு

உமாவுக்கு என்ன ஏற்பாடு என்று எழுத, அவள் இருக்கும் வீட்டையும் போகும் பள்ளியையும் பார்த்து வரச் சொன்னார் மிஸ்டர் டான். பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். வீடு பளிச்சென்றிருந்தது. பள்ளி, லயத்து வீட்டு வரிசைக்கு எதிர்ப்புறம்தான். கணவனும் மனைவியும் காட்டில் இருப்பதாகச் சொல்லி, மண்டோர் என்னை அங்கே அழைத்துப்போனார்.

செம்பனைக் காட்டில் இருவர் சேர்ந்துதான் வேலை. ஒருவர் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலையை வெட்டி இறக்குவார். மற்றவர் சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிக் கோணியில் சேர்ப்பார். பெரும்பாலும் புருஷன் பெண்சாதிதான் அந்த ஜோடி. குலை ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டி கனம் இருக்கும், மேலெல்லாம் முள். விழுவதற்கு முன் கத்தி எச்சரிக்காவிட்டால் கீழே இருப்பவர் கதி அதோகதி! சத்தியம் செய்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல். காளிமுத்து அரிவாளைப் பொருத்தினார். தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்து, "ஏ மரமே, விழப்போகுது, தள்ளி நில்லு!" என்று உரக்கச் சொன்னார். அஞ்சலை தள்ளி நின்றாள். குலை விழுந்தது. பொறுக்கி முடித்ததும் அவள் கோணியிடம், "ம், ஆச்சி, அடுத்த மரத்துக்குப் போலாம்" என்றாள். காளிமுத்து அடுத்த மரத்துக்குப் போனார். ஒரு நொடி வீணாகவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மண்டோர் முனுசாமி பெருமூச்சு விட்டார். இவர்களைப் போல வேகமான ஜோடி தம்மிடம் வேறு இல்லையாம். பின்பு என் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்: "தங்கச்சி, கோர்ட்டுல சொல்லி, வேலைக்கு மட்டும் இவங்களச் சேத்து வைக்க முடியுமா?"

இந்த ஒன்றை மட்டும்

காலியான பத்தியை நிரப்பும் நாள் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் கருதும். உமா அந்த வயதைத் தாண்டிவிட்டாள், விவரமாகப் பேசுகிறவள். அவள் விருப்பத்தையும் கேட்கலாம். பெற்றோர் இருவரும், தனித்தனியாக, உமா வழியாகவே, 'உமா சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்' என்று சொல்லியிருந்தார்கள்.

மிஸ்டர் டான் மேசையைச் சுற்றி வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து மெதுவாகக் கேட்டார். நான் அதே மெதுவோடு தமிழில் சொன்னேன். "எது சொன்னாலும் தப்பில்லை உமா. யாரோடு இருக்க விருப்பம்?" உமா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நான் சொன்னா, அத அம்மாகிட்ட ஒருவாட்டி சொல்லணும், அப்பாகிட்ட ஒருவாட்டி சொல்லணும். எல்லாத்தையும் நான்தானேக்கா கொண்டு போனேன். இந்த ஒண்ண மட்டும் கொண்டு போக மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் சேந்து என்னைக் கேக்கட்டும், சொல்றேன்."

நான் அதை மிஸ்டர் டானுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். கீழே கோப்பிக் கடையில் யாரோ கரண்டியால் குவளையைத் தட்டினார்கள். காளிமுத்து தொண்டையைச் செருமினார். அஞ்சலை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். சட்டென்று அவர் பக்கம் திரும்பி, "நீங்க மொதல்ல கேளுங்க" என்றாள். அவரும் யோசிக்காமல், "ஏன், நீயே கேளேன்" என்றார்.

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். காளிமுத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உமா மட்டும் வாய்கொள்ளாமல் சிரித்தாள்! "என்ன சொன்னார்கள், என்ன சொன்னார்கள்?" என்று மிஸ்டர் டான் பரபரத்தார். நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன்: மனைவி 'நீங்கள் முதலில் கேளுங்கள்' என்றார், கணவர் 'நீயே கேளேன்' என்றார். அவர் எங்கள் நால்வரையும் விசித்திரமாகப் பார்த்தார். "அவ்வளவுதானா? இதற்கு ஏன் எல்லாரும் பேயைக் கண்ட மாதிரி நிற்கிறீர்கள்?"

ஆளுக்கொரு தேங்காய்

சத்தியம் உடைந்துவிட்டதே! மூவரும் மோட்டார் சைக்கிளில் ஏறி நேரே முனீஸ்வரரிடம் போய்விட்டார்கள். உமாவின் பதிலை யாரும் கேட்கவில்லை. சாமி குற்றம் தீர்கிறவரை அவளைக் கேட்கவே இருவருக்கும் அச்சம். சத்தியக் கதையை நான் விளக்கியதும் மிஸ்டர் டானுக்கு வேறொரு சிந்தனை. பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் சேர்ந்து வாழவும் நினைக்கலாம். அப்படியானால் மனுவைக் கிழித்துப் போடுவதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. போய்க் கேட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினார். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் எனக்கும் அதே நினைப்புதான். முதல் கூட்டு மனு முதல் சமாதானமாக முடிந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

நான் போய்ச் சேர்ந்தபோது மண்டோர் முனுசாமி சன்னதியில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். "சண்டையில பண்ணின சத்தியம், சண்ட முடிஞ்சா முடிஞ்சிபோச்சி. சாமிக்கு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கொரு தேங்கா ஒடைங்க. பிள்ளைக்குத் திருநீறு நான் பூசறேன்." இரண்டு தேங்காயும் சரிபாதியாக உடைந்தன. நல்ல சகுனம் என்று மண்டோர் பூரித்தார். மூன்று வருடமாக அடைபட்டிருந்த பேச்சு அங்கேயே மடை திறந்தது. தேங்காய் மூடியை யார் எடுப்பது என்று தொடங்கி, பழைய கூரை ஒழுகல் வரைக்கும் போய், ரவாங் போகும் பாதையைத் தொட்டபோது குரல் உயர்ந்துவிட்டது. உமா கோயில் மணியை எட்டி அடித்தாள். இருவரும் நிறுத்தினார்கள்.

இதுதான் சமயம் என்று நான் கேட்டேன்: "பேச்சு வந்துவிட்டதே, சேர்ந்து வாழ எண்ணம் உண்டா?" காளிமுத்து சிரித்துக்கொண்டே அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலையும் சிரித்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பேசினவொடனதான்க்கா ஞாபகம் வந்திச்சி, இந்த மனுசன்கிட்ட பேச மாட்டேன்னு ஏன் கற்பூரம் அடிச்சேன்னு!"

ஒரே கேள்வி

மறு வாரம் அவர்கள் வந்தபோது நாற்காலி வரிசை மாறியிருந்தது. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில், உமா எதிரே தனியாக. வரும் வழியில் பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ரவாங்கில் பெரியம்மா வீட்டுக்கு அருகிலேயே பள்ளி பார்த்து வைத்திருப்பதாக அஞ்சலை சொன்னாள். அறையில் மேசை போட்டு, சன்னலுக்குத் திரை தைத்தாகிவிட்டதாம். தோட்டத்தில் இருந்தால், காலையில் காட்டுக்குப் போகும் முன் தானே சோறாக்கித் தலை பின்னிவிடுவதாகக் காளிமுத்து சொன்னார். பின்னல் பழக ஆரம்பித்துவிட்டாராம், லயத்தில் துணி காயப்போடும் கயிற்றில். உமா யாரோடு இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைதோறும் மற்றவரிடம் கொண்டுபோய் விடுவது அவருடைய மோட்டார் சைக்கிள் பொறுப்பு. இதையெல்லாம் ஒருவர் பாதியும் மற்றவர் மீதியுமாகச் சொன்னார்கள். உமா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள், பூப்பந்து ஆட்டம் பார்ப்பதுபோல.

பிறகு இருவரும் சேர்ந்து, ஒரே மூச்சில் கேட்டார்கள்: "உமா, யார்கூட இருக்கறே?"

உமா உடனே சொல்லிவிடவில்லை. "நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள். அஞ்சலையின் கை புடவைத் தலைப்பை முறுக்கியது. காளிமுத்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஒருத்தர்கிட்ட இருக்கறப்ப, இன்னொருத்தருக்குச் சேதி கொண்டு போகணுமா?" இருவரும் முந்திக்கொண்டு, "வேணாம்!" என்றார்கள். "அப்பா நேரா அம்மாகிட்ட சொல்லுவாரா?" "சொல்லுவேன் லா." "அம்மா?" "கட்டாயம் சொல்லுவேன். கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லுவேன்." மிஸ்டர் டான் என் முகத்தைப் பார்த்தார். நான் கையைக் காட்டி அவரைக் காத்திருக்கச் சொன்னேன். அன்று அந்த அறையில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை.

ஆக, பேச்சுச் சுமக்கும் தோழர்களே, சுமுகமாகப் பிரிய நினைப்பவர்கள் என்னிடம் வழி கேட்டால், பிரிவதற்குச் சேர்ந்திருப்பதைவிட அதிகமாகப் பேச வேண்டியிருக்கும், முதலில் தொண்டையைச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

உமா, தோட்டத்தில் அப்பாவோடு இருப்பதாகச் சொன்னாள்.